மீன் தொட்டியின் தண்ணீரைப் பராமரிக்கும் முறை

தொட்டித் தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்திருக்க, மீன்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதப்பது, புதிதாக மீன் வளர்க்கத் தொடங்கும் பலருக்கும் நேர்கிற துயரம். வாங்கும்போதே மீனுக்கு நோய் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணி வேறு மீன்களை வாங்கி விடுகிறார்கள். அவையும் சில நாள்களில் இறந்துபோகின்றன. இத்தகைய இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவும் நைட்ரைட்டும்தான். இரண்டுக்கும் நிறம் கிடையாது. மீனைக் கொல்லப் போதுமான அளவில் இருந்தாலும் நம் மூக்குக்கு எட்டும்படி வாடை வீசுவதில்லை. ஆகவே தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

மீன்கள் தம் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனியும் கழிவும் உதிர்ந்த இலைகளும் அழுகும்போதும் அது உண்டாகிறது. ஃபில்டரின் ஸ்பான்ஜிலும் அடியில் பரப்பிய சரளைக் கற்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே; அது மீனின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைச் சுமக்க முடியாததாக மாற்றிவிடுவதால், தண்ணீரில் காற்று போதுமான அளவு இருந்தும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டாமலும், இயன்றால் 20-க்குக் கீழேயும் வைத்துக்கொண்டால் போதும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இரண்டாம் மாற்றத்தைச் செய்வது நைட்ரோபாக்டர் என்ற நுண்ணுயிரே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மீன் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா வகையே என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை பெருகும் வரை காத்திருப்பதுதான் மீன் வளர்ப்பின் மிகக் கடினமான பகுதி. மீன் விடாமலேயே ஃபில்டரை இடைவிடாது ஓடவிட்டு, சோப்போ நறுமணப் பொருளோ கலக்காத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்த்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை சோதித்து வர வேண்டும். அம்மோனியா கிடைக்காவிட்டால் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுக விடலாம். ஆனால் அளவு கட்டுக்குள் நிற்காது. முதலில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும். அதன்பின் நைட்ரைட் குறைந்து நைட்ரேட் ஏறும். பொதுவாக இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நோயற்ற ஒரு தொட்டியின் ஸ்பான்ஜில் ஒரு பகுதியை வாங்கி வந்து ஃபில்டருக்குள் வைத்தால் காலம் வெகுவாகக் குறையும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியாவைச் சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி ஆயத்தமாகிவிட்டது என்று பொருள். அன்று தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு மீன்களை விடலாம். அப்போதும் சில மீன்களை மட்டும் விட்டு, ஓரிரு வாரம் கழித்து அடுத்த சிலவற்றைச் சேர்ப்பதே நல்லது.

சோதனைக்குத் தாள் பட்டைகளைவிடச் சொட்டுமருந்துப் புட்டிகள் நம்பகமானவை. நைட்ரேட் சோதனையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு புட்டிகளைக் கொண்டு செய்யும் சோதனைகள் பலவற்றில், ஒரு புட்டியின் மருந்து அடியில் படிந்துவிடும். அதை அரை நிமிடமாவது வேகமாகக் குலுக்காமல் சொட்டுவிட்டால், நைட்ரேட் ஏறியிருக்கும் தண்ணீரும் இல்லாததுபோலக் காட்டும். சோதனைக் குழாயை வெள்ளைத் தாளின்மேல் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிட வேண்டும்.

எந்த மருந்தை ஊற்றுவதானாலும் தொட்டியின் கொள்ளளவு தெரிந்திருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 60 × 30 × 36 அளவுள்ள தொட்டி ஏறத்தாழ 65 லிட்டர். கற்களையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் 55 லிட்டர் அளவே தண்ணீர் இருக்கும்.

குழாய்த் தண்ணீரில் கலக்கப்படும் குளோரின் மீனின் செவுளை அரிப்பதோடு நுண்ணுயிர்களையும் கொல்லும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும் என்பது சரியே. ஆனால் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீருக்கு அது பொருந்தாது. குளோரினை நீக்கும் மருந்தான சோடியம் தயோசல்பேட் குளோரமைனையும் முறிக்கும். ஆயினும் முறிந்ததும் அம்மோனியா எஞ்சும். ஆகவே உங்கள் தண்ணீரில் குளோரமைன் இருக்குமானால், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தையே வாங்க வேண்டும்.

வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றுவதில், எவ்வளவு மாற்றுவது என்ற கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். உங்கள் தொட்டியில் வாரந்தோறும் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏறுகிறது என்றும், புதிதாக ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்றும் கொள்வோம். வாரம் கால் பங்கு மாற்றினால், அளவு மெல்ல மெல்ல ஏறி, மாற்றுவதற்குச் சற்று முன் 40 என்ற நிலையில் நிற்கும். பாதி மாற்றினால் 20-இல் நின்றுவிடும். வாரத்து ஏற்றத்தை, மாற்றும் பங்கால் வகுத்தால் இந்த எண் கிடைக்கிறது. பொத்தாம்பொதுவான அறிவுரைகளைவிட, உங்கள் தொட்டியின் ஏற்றத்தை இரண்டு வாரம் அளந்து பார்த்து முடிவு செய்வதையே நான் வலியுறுத்துவேன். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவது தண்ணீர் மாற்றுவதாகாது. ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகிறது, உப்புகளும் நைட்ரேட்டும் அப்படியே தங்கிவிடுகின்றன.

மாற்றும்போது ஹீட்டரை முதலில் அணைத்துவிட வேண்டும். தண்ணீர் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும். சைஃபன் குழாயின் வாயைச் சரளைக்குள் செருகிச் சிறிது உயர்த்தினால், கற்கள் சுழன்று விழுந்துவிட, பழுப்பு நிற அழுக்கு மட்டும் மேலேறி வாளிக்குப் போகும். சரளையை ஒரு வாரம் ஒரு பாதி, மறு வாரம் மறு பாதி என்று பிரித்துச் செய்யலாம். புதுத் தண்ணீரின் வெப்பநிலை தொட்டியின் வெப்பநிலையை ஒட்டியிருக்க வேண்டும்.

சைஃபனில் இறக்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஃபில்டர் ஸ்பான்ஜை அதில்தான் பிழிந்து அலச வேண்டும். குழாயடியில் வெள்ளை வெளேரென்று கழுவினால், வாரக்கணக்கில் வளர்ந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே நாளில் அழியும். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதுபோல மாதந்தோறும் ஸ்பான்ஜைத் தூக்கி எறியவும் வேண்டாம்; கிழிந்து உருக்குலையும் வரை அதையே பயன்படுத்தலாம்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பொறுத்தவரை, நூல்கள் சொல்லும் எண்ணைத் துரத்தி மருந்து ஊற்றுவதைவிட, உள்ள அளவு நிலையாக நிற்பதே மீனுக்கு நல்லது. அதை நிலையாகத் தாங்கி நிற்பது தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் ஆகியவற்றின் அளவு. நுண்ணுயிர்களின் வேலை அதைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் அது தீர்ந்து பி.எச். சட்டென விழும். அத்தகைய தொட்டியில் ஒரே நாளில் பெருமளவு தண்ணீரை மாற்றுவது ஆபத்து; புதுத் தண்ணீரால் பி.எச். சட்டென ஏறிவிடும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7-ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஆகும். தேங்கிய அம்மோனியா அப்போது மீனைத் தாக்கும். நாளுக்குப் பத்தில் ஒரு பங்காக மாற்றிப் படிப்படியாகச் சீர்செய்யுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவோருக்கும் இதே சிக்கல் வரும். அதில் இந்தத் தாங்குசக்தி இல்லை. குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால் கப்பி, மோலி போன்ற மீன்களைத் தேர்ந்தெடுப்பது, மென்னீரை விரும்பும் நியான் டெட்ராவுக்காகத் தண்ணீரையே மாற்றப் போராடுவதைவிட எளிது.

தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கே போடலாம். விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிட்டால் பாசி படரும்.

மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து மூச்சு வாங்குவதைக் கண்டால், முதலில் ஏர் பம்பை ஓடவிடுங்கள். அடுத்து அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். தவறாமல் தண்ணீர் மாற்றிவரும் தொட்டியில் இரண்டில் ஒன்று ஏறியிருந்தால், குளோரின் நீக்கிய தண்ணீரால் உடனே பாதியை மாற்றி, தீனியை இரண்டு நாள் நிறுத்திவிடுங்கள். ஏறியது நைட்ரைட் என்றால், 10 லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் உப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றலாம். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்துக்குள் புகுவதைத் தடுக்கும். இரண்டு அளவுகளும் பூஜ்யத்துக்குத் திரும்பும் வரை நாள்தோறும் சோதித்து, தேவைக்கேற்பத் தண்ணீரை மாற்றி வாருங்கள்.