சந்தமும் துப்பும்: புதிதாக நுழைபவர்களுக்கு ஒரு செய்முறை

புதுமையான இசை பிடிபடவில்லை என்பவருக்கும், கிறித்தவ மடத்துக்குள் நடக்கும் துப்பறியும் நாவலைப் பாதியில் மூடி வைப்பவருக்கும் தடங்கல் ஒன்றுதான். ஒழுங்கு பழகுவதற்கு முன்பே மீறலைத் தேடுகிறார்கள். தாளம் கையில் நின்றால்தான் அது எங்கே தாண்டுகிறது என்று தெரியும். துறவிகளின் வழிபாட்டு வேளை தெரிந்தால்தான் அன்று ஒருவர் வராதது உறைக்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே பழகலாம்.

படி 1: சந்தத்தைத் தட்டுங்கள்

தொடங்குவதற்கு வெளிநாட்டு இசை வேண்டாம். அருணகிரிநாதரின் திருவண்ணாமலை 1989 வரை நம் வடாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. திருப்புகழ்ப் பதிப்புகளில் பாடலுக்கு மேலே அதன் ஓசை அமைப்பைக் காட்டும் சந்தக் குழிப்பை அச்சிட்டிருப்பார்கள். 'தத்தத்தன தத்தத் தனதன' என்பது அப்படி ஒன்று. பாடலை விட்டுவிட்டு இந்த வரியை மட்டும் தொடையில் தட்டியபடி வாய்விட்டுச் சொல்லுங்கள். பொருள் இப்போது வேண்டாம். ஒற்று வரும் இடத்தில் நாக்கு முட்டி நிற்கும். 'தனதன' வந்ததும் ஓடும். இந்த முட்டலும் ஓட்டமும் பழகிய பிறகு பாடலின் சொற்களை ஏற்றுங்கள். அடி முடிவில் 'தனதான' என்று தனித்து வரும் தொங்கலைக் கவனியுங்கள். அத்தனை வேகத்துக்கும் மூச்சு விட இடம் அதுதான்.

தனியாக வரவில்லையென்றால் வள்ளிமலைப் பக்கம் போய், கூட்டாகத் திருப்புகழ் பாடுகிறவர்களோடு உட்காருங்கள். திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்த மலை அது.

படி 2: சிறுகதையில் தொடங்குங்கள்

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் எழுதிய, ஃபாதர் பிரவுன் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளின் முதல் தொகுப்பு 1911இல் வந்தது. அதன் முதல் கதையில் பாதிரியார் வேடத்தில் ஒரு திருடன் வருகிறான். (நூறு வருடம் தாண்டிய கதை, குட்டை உடைத்தால் பாவமில்லை.) பேரண்டத்தின் முன் மனித அறிவு எம்மாத்திரம் என்று பக்தியோடு பேசுகிறான். அசல் பாதிரியாருக்கு அந்தப் பேச்சே அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது: அறிவைப் பழிப்பது அவர் கற்ற இறையியலுக்கு ஒவ்வாதது.

பிரதோஷ வேளையில், நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது, அதைத் திரும்பியும் பார்க்காமல் போகிறவர் வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் அர்ச்சகரின் கண்ணுக்குத் தப்புவாரா? வாசிக்கும்போது அந்த அர்ச்சகரின் கண்ணை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும், 'இந்தச் சமூகத்தவர் இப்படிச் செய்வாரா?' என்று கேளுங்கள்.

படி 3: வேளைகளைக் குறித்து வையுங்கள்

அடுத்து இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவின் 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' (1980). 1327இல் இத்தாலிய மலை மடமொன்றில் ஏழு நாட்களில் நடக்கும் கதை. ஒவ்வொரு நாளும் வழிபாட்டு வேளைகளாகப் பிரிந்திருக்கிறது. அட்டவணையை நூலின் முகப்பிலேயே கொடுத்திருக்கிறார். நள்ளிரவு தாண்டி இரண்டரை மணிக்கு முதல் வழிபாடு, இரவு ஏழு மணிக்குள் படுக்கை. இதை ஒரு சீட்டில் எழுதிப் பக்கங்களுக்கிடையே செருகுங்கள். யார் எந்த வேளையில் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதித் துப்பு உங்கள் கையில். லத்தீன் வரிகளைத் தாண்டிப் போகலாம், குடி முழுகாது.

படி 4: இனி கடினமான இசை

சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தின் ஒவ்வொரு பாடலையும் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. அதை ஒரு முறை பார்த்துவிட்டு, பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியானிடம் போங்கள். பாரீஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தபோது, வயலின், செல்லோ, கிளாரினெட், பியானோ ஆகிய நான்குக்காக எழுதிய 'குவார்டெட் ஃபார் தி எண்ட் ஆஃப் டைம்' என்ற படைப்பு 1941 ஜனவரி 15 அன்று முகாமிலேயே அரங்கேறியது. அதன் எட்டுப் பகுதிகளில் ஆறாவதை மட்டும் கேளுங்கள். நான்கு கருவிகளும் ஒரே மெட்டை வாசிக்கும். தாளக் கட்டுகளில் சில மாலைமாற்றுப் போல முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கும். முதல் தடவை காலால் தட்டப் பார்த்துத் தோற்பீர்கள். தோற்கும் இடங்களைக் கவனித்தாலே போதும்.

படி 5: இரண்டும் ஒன்றாக

லூயி பென்னியின் 'தி பியூட்டிஃபுல் மிஸ்டரி' (2012) கனடாவின் கியூபெக் காட்டில், 24 துறவிகள் வாழும் மடத்தில் நடக்கிறது. கொலையானவர் பாடகர் குழுவின் தலைவர். அவர் கையில் பற்றியிருந்த தாளில் இருப்பது விசித்திரமான ஒரு பாட்டு. வாசிக்கும் முன், கத்தோலிக்கத் துறவிகள் வழிபாட்டில் பாடும் கிரிகோரியன் கீதம் ஒன்றைக் கேளுங்கள். பக்கவாத்தியம் கிடையாது, எல்லோர் குரலும் ஒரே மெட்டு. அதைக் கேட்காமல் தொடங்கினால், ஓர் ஒலிப்பதிவுக்காக அந்த மடம் ஏன் இரண்டாகப் பிளந்து நிற்கிறது என்பது கடைசிப் பக்கம் வரை விளங்காது.