காயம் காய்ந்தால் சீக்கிரம் ஆறாது

காற்றாட விட்டால்தான் காயம் ஆறும் என்ற எண்ணம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. காவேரிப்பட்டணம் தோப்பில் மாங்காய் பறிப்பவர், கிரானைட் பட்டறையில் கல் அறுப்பவர், பாலக்கோட்டில் தக்காளிக்குக் குச்சி நடுபவர் என யாருக்குக் கீறல் பட்டாலும் முதலில் வரும் யோசனை, “கட்டுப் போடாதே, காயட்டும்” என்பதுதான். முதல் தவறும் அதுதான்.

தோலின் மேலடுக்கில் பெரும்பாலும் இருப்பவை கெரட்டினோசைட் செல்கள். அவற்றின் அடிவரிசை, கீழிருக்கும் சவ்வை ஹெமிடெஸ்மோசோம் என்ற பிடிகளால் பற்றி நிற்கிறது. நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தாலும் உள்ளங்கைத் தோல் எளிதில் உரியாததற்கு இந்தப் பிடியும் ஒரு காரணம். வெட்டு விழுந்ததும் ஓரத்துச் செல்கள் இந்தப் பிடியைத் தாமே விட்டுவிடுகின்றன. அப்புறம் தட்டையாகி, மெல்லிய படலம் ஒன்றை முன்னால் நீட்டி, இன்டெக்ரின் என்ற புரதங்களால் காயத்தின் தரையைப் பற்றி, பின்பக்கத்தை விடுவித்து ஊர்கின்றன. மேலோட்டமான சிராய்ப்பில் மயிர்க்கால்களில் மிஞ்சிய செல்களும் கிளம்பி வரும். ஓரத்தில் மட்டுமில்லாமல் நடுவிலும் திட்டுத்திட்டாகத் தோல் முளைப்பது இதனால்தான்.

ஊர்வதற்கு ஈரம் வேண்டும். காய்ந்த பொருக்கைத் துளைத்துச் செல்களால் போக முடியாது. அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்கி, நொதிகளால் வழி வெட்டிக்கொண்டுதான் போகும். ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962இல் பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் இதைக் காட்டினார். பாலித்தீன் படலத்தால் மூடிய காயத்தில், திறந்து விட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மேல்தோல் மூடியது. எனவே சின்னக் காயத்தை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வாசலின் மெல்லிசாகத் தடவி, சுத்தமான கட்டுப் போடுங்கள். நனைந்தாலோ அழுக்கானாலோ கட்டை மாற்றுங்கள்.

பொருக்கைப் பிய்ப்பது அடுத்த தவறு. புதிதாக வந்த செல்களுக்கு உறுதியான பிடி இன்னும் அமைந்திருக்காது. அதனால் பொருக்கோடு அவையும் கையில் வந்துவிடும். காய்ந்த துணியை வெடுக்கென்று இழுத்தாலும் இதே கதிதான். தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாக எடுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்கினால், கிருமி சாகிறது என்று மனம் நிறைகிறது. உண்மையில் ரத்தத்திலும் செல்களிலும் உள்ள ஒரு நொதி அதை உடைப்பதால் வரும் நுரை அது. ஊர்ந்து வரும் நம் செல்களையும் பெராக்சைடு கொல்லும். தினமும் ஸ்பிரிட் வைப்பதும் அப்படியே.

காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், டூத்பேஸ்ட் எதையும் அப்பாதீர்கள். மஞ்சள் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் சமையலறை டப்பாவில் இருப்பது கிருமி நீக்கிய பொடி அல்ல. மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் வித்துகள் இருக்கும். அழுக்குக் காயம் பட்டு, கடைசியாகத் தடுப்பூசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. சர்க்கரை ஏறியிருந்தால் செல்களின் நகர்வே மந்தமாகும். கால் நரம்பு மரத்திருந்தால் முள் தைத்ததுகூடத் தெரியாது. வலிக்கவில்லை என்று அவர்கள் காத்திருக்கக் கூடாது. காலில் புண் கண்ட அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மற்றவர்களும் தாமதிக்கக் கூடாது.

தையல் பிரித்ததும் தோல் பழையபடி ஆகிவிட்டதாக நினைப்பதும் தவறு. மேல்தோல் மூடியிருந்தாலும் அடியில் தோலுக்குப் பலம் தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் இன்னும் முறுக்கேறவில்லை. 3 வாரத்தில் பழைய பலத்தில் கால்வாசி வந்திருந்தாலே பெரிது. மாதங்கள் கழிந்தாலும் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும். ஆழமான வெட்டுப் பட்ட கையால் மாங்காய்க் கூடை தூக்கலாமா என்பதைத் தையல் போட்ட டாக்டரிடமே கேளுங்கள்; மேஸ்திரியிடம் அதுவரை கனமில்லாத வேலையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.