இரண்டு பேர், ஒரு பைனாகுலர்: தேரூர் குளக்கரையில் ஒரு காலை

மாசி, பங்குனி மாதங்களில் அம்மாவையோ மனைவியையோ பாட்டாவையோ கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போக, நாகர்கோவில்காரர்களுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. அதுதான் சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துகள் ஊர் திரும்பும் சமயம் இது, தள்ளிப்போட வேண்டாம். சுசீந்திரம் குளத்தை ஒட்டி நெடுஞ்சாலை, லாரிச் சத்தம் அதிகம். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தேரூர்தான் நல்லது.

1. ஆறரைக்குள் போய்விடுங்கள். வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

2. பைனாகுலர் 8×42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும்; 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பன்னிரண்டு மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். வலது கண்ணை மூடி, நடுத்திருகால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலது கண் வைக்கும் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்புங்கள். இந்த வளையத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அளவு எது, கூட வந்தவர் அளவு எது என்று பார்த்து வைத்துக்கொண்டால், கைமாறும்போது “ஒண்ணும் தெரியலியே” என்ற பேச்சே வராது.

3. முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடியுங்கள். பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

4. “அதோ, அங்கே!” என்று சொல்லாதீர்கள், பாதிச் சண்டை இதில்தான் வரும். அசையாத ஒன்றைப் பிடித்து வழி சொல்லுங்கள்: “ரெண்டாவது மின்கம்பம் தெரியுதா பாட்டா? அதுக்கு நேர் கீழே, தாமரை இலை முடியுற இடம், கொஞ்சம் இடப்பக்கம்.” அவர் “கண்டாச்சு மக்ளே” என்று சொல்லும்வரை அடுத்த பறவைக்குத் தாவாதீர்கள்.

5. பெரிதாக, அசையாமல் நிற்பவற்றில் தொடங்குங்கள். கூழைக்கடாவை யாரும் தவறவிட முடியாது. நத்தைகொத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். பழகியபின் தாமரை இலைகளுக்கு வாருங்கள். இலைக்கோழியின் விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை பரவுவதால் இலை அமுங்காமல் நடந்துபோகும். நீளவால் இலைக்கோழியில் முட்டையிடுவதோடு பெட்டையின் வேலை முடிந்தது. அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் சேவல்தான். (மனைவியோடு போனால் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) வாத்துக் கூட்டத்தில் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் வளைந்து இறங்கினால், அது நீலச்சிறகி ஆண்.

6. பார்த்ததை அங்கேயே, பறவைகளைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள். பெயர் தெரியாததை ஊகித்துப் போட வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். இன்னும் ஆசை தீரவில்லை என்றால் வண்டியை மணக்குடி காயல் பக்கம் விடுங்கள், அங்கே பார்க்கக் கடற்பறவைகள் உண்டு.