மலை ஏறும்போது மட்டும் தலை வலிக்கிறதா? காருக்குள் சைலன்சர் புகை வருகிறதா என்று பார்ப்பது எப்படி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வழியில் பர்லியார் தாண்டியதும் எல்லா வண்டியிலும் நடப்பது ஒன்றுதான். கண்ணாடியை ஏற்றுவார்கள், ஹீட்டரைத் திருப்புவார்கள். காட்டேரி வருவதற்குள் பின்சீட்டில் ஒரு பிள்ளை தலையைப் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று வாந்திக்குக் கவர் கேட்கும். "வளைவு ஒத்துக்கல" என்று எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார்க்கக் கொடுப்பார்கள். பெரும்பாலும் வளைவுதான் காரணம், மறுக்கவில்லை. ஆனால் குன்னூரில் பட்டறை வைத்திருப்பவனாக ஒன்று சொல்ல வேண்டும். அதே தலைவலி, அதே குமட்டல், அதே அசதி, சைலன்சர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு காருக்குள் வந்தாலும் வரும். கோயம்புத்தூரில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும்போது தெரியாத கசிவு, இங்கே கண்ணாடி மூடி, சின்ன கியரில், ஆக்சிலரேட்டரை மிதித்து ஏறும்போதுதான் வேலையைக் காட்டும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வண்டி ஓட்டுகிறவருக்கு வளைவில் தலை சுற்றுவது அபூர்வம். ஸ்டியரிங் பிடித்தவருக்கும் நெற்றி கனக்கிறது, கண் சொக்குகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்தது, இறங்கும்போதும் அதே வளைவுகள்தானே? இறக்கத்தில் என்ஜினுக்குச் சுமை குறைவு, புகையும் குறைவு. ஏறும்போது மட்டும் வந்து, இறங்கும்போது வராத தலைவலியை வளைவின் கணக்கில் எழுத முடியாது. மூன்றாவது, நாலு கண்ணாடியையும் முழுதாக இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெளிந்தால், அன்றைக்கே வண்டியைப் பார்க்க வேண்டும்.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, தொண்டை கமறாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் ஒட்டுவதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட, ஆக்சிஜன் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. அதனால் கீழே தாங்கக்கூடிய கசிவு மேலே சீக்கிரம் ஆளைச் சாய்க்கும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் இன்னொரு கெடுதலும் சேரும். காற்று மெலிந்தாலும் அது பெட்ரோலை அதற்கேற்பக் குறைக்காது. எரியாமல் மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடாகத்தான் வெளியே வரும்.

"வண்டிக்குப் புகைச் சான்றிதழ் இருக்கு, பயமில்லை" என்று பலர் சொல்கிறார்கள். அந்தச் சோதனை சைலன்சர் வாயில் என்ன வருகிறது என்று பார்ப்பது. வழியில் எங்கே ஒழுகுகிறது என்று அது பார்க்காது. பிஎஸ்-4 என்ற புகைத் தரத்தில் வந்த பெட்ரோல் காருக்கு, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும் ஐடிலில் 0.3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு அனுமதி. அது 3,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு புகையில் 3,000 பங்கு. மூடிய அறையில் 400 பிபிஎம்மில் ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தால் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், 1,600 பிபிஎம்மில் அதே நேரத்துக்குள் உயிர் போகலாம். புகையிலுள்ள இந்த வாயுவைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவே முதலில் நன்றாகச் சூடேற வேண்டும். டிசம்பர், ஜனவரி விடியலில், ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நேரத்தில் ஸ்டார்ட் செய்த என்ஜின், முதல் சில நிமிடங்கள் சான்றிதழில் உள்ளதைவிடப் பல மடங்கு கக்கும்.

டீசல் வண்டியில் கார்பன் மோனாக்சைடு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதன் புகை நெஞ்சையும் கண்ணையும் தனியாகக் கெடுக்கும். தார்ப்பாய் கட்டிய ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

வீட்டு வாசலிலேயே பார்க்கக்கூடியவை

எல்லாம் திறந்த வெளியில். நம்மூரில் நிறைய வீடுகளுக்குக் கீழ்த்தளத்தில்தான் கார் நிறுத்துகிற இடம். குளிருக்குப் பயந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே ஸ்டார்ட் செய்யாதீர்கள். புகை படிக்கட்டு வழியாக மேலே படுக்கையறைக்குப் போகும்.

முதலில் காது. இரவு முழுக்க ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து பானெட்டைத் தூக்கிக் கேளுங்கள். "டிக் டிக்" என்று வேகமான சத்தம் வந்து, என்ஜின் சூடானதும் அது மறைந்தால், என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து சைலன்சர் பைப்புக்கு அனுப்பும் மேனிஃபோல்டின் பேக்கிங் போயிருக்கிறது அல்லது மேனிஃபோல்டில் விரிசல். சூட்டில் இரும்பு விரிந்து ஓட்டையை அடைப்பதால் சத்தம் நிற்கிறது. பட்டறைக்கு வரும்போது வண்டி சூடாக இருப்பதால் மெக்கானிக் காதுக்கு எட்டாமல் போய்விடும். ஆகவே வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு கண். புகை கசிகிற இடத்தில் கரி படியும். மேனிஃபோல்டு ஒட்டும் இடம், மடிப்பு மடிப்பாக வளைந்து கொடுக்கும் பெல்லோ பைப், பைப்போடு பைப் சேரும் இணைப்பு, சைலன்சரின் அடிவயிறு, எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு செம்மண் நிறம், கசிவு கறுப்பு. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அறுந்தால் பைப் தொங்கி, வேகத்தடையிலும் கல்லிலும் இடித்து, இணைப்பு வாய் பிளந்துவிடும். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகுதான்.

கரி தெரியவில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது என்றால் நான் செய்வது சோப்புத் தண்ணீர். என்ஜின் நின்று, பைப் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனர் குழாயை சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி ஓடவிட்டு, இணைப்புகள்மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். ஊசி நுழையாத விரிசலைக்கூட இது காட்டிக்கொடுக்கும். வெறும் சத்தத்தை வைத்துத் தேடுவதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

கசிவு ஒரு பாதி. அது உள்ளே நுழைகிற வழி இன்னொரு பாதி. இரவில் ஒருவர் காருக்குள் விளக்கில்லாமல் உட்கார, இன்னொருவர் வெளியே தரைக்கடியிலும் டிக்கி ஓரத்திலும் டார்ச் அடித்துக்கொண்டே வரட்டும். மிதியடியை எடுத்துவிடுங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே புகையும் நுழையும். கியர் லிவரைச் சுற்றிய ரப்பர், தரைத் துளைகளை அடைக்கும் ரப்பர் மூடிகள், என்ஜின் பக்கத்திலிருந்து ஒயர் வரும் துளை ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். டிக்கிக் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளை வைத்து மூடி இழுங்கள். உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் அமுங்கவில்லை. ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், பின்புறப் புகை சுழன்று திரும்பி வண்டியை நோக்கியே வரும். டிக்கியைக் கயிறு போட்டுக் கட்டித் திறந்தவாறு மூட்டை ஏற்றி வருவது, சைலன்சரைத் திருப்பி உள்ளே விட்டதற்குச் சமம்.

கேத்தியிலிருந்து கேரட் ஏற்றிப்போகும் தம்பி ஒருவர் தன் மாருதி ஆம்னி வேனைக் கொண்டுவந்தார். "அண்ணே, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும்போது ஒண்ணுமே இல்ல. திரும்பி ஏறும்போதுதான் கண்ணைச் சொக்குது. ராத்திரித் தூக்கம் பத்தலன்னு நினைச்சேன்" என்றார். ஆம்னிக்கு என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் என்பது உங்களுக்குத் தெரியும். மாருதி ஈகோ வேனும் அப்படித்தான். சீட்டைத் தூக்கினேன். என்ஜின் மூடியைச் சுற்றிய ரப்பர் ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்து, அந்த இடத்தில் தார்ப்பாய்த் துண்டை மடித்துச் செருகியிருந்தார். சீட்டின் அடித்தகட்டில், நேர் கீழே மேனிஃபோல்டு இருக்கும் பக்கம், கறுப்பாகக் கரி. விரலால் தேய்த்தால் மை மாதிரி வந்தது. பேக்கிங் ஒரு மூலையில் எரிந்து போயிருந்தது. பேக்கிங்கும் புது ரப்பரும் மாற்றிய பிறகு அவருக்கு அந்தத் தூக்கம் வரவில்லை. ஆம்னி 2019-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. மலையில் ஓடுகிற ஆம்னிகள் எல்லாம் பழைய வண்டிகள். தயவுசெய்து அந்த ரப்பரை இன்றே பாருங்கள்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

கையடக்கமான கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. எண் காட்டுகிற திரை உள்ளதை வாங்குங்கள். வீட்டுக்கென்று செய்த அலாரங்களை மட்டும் நம்பக் கூடாது. ஐரோப்பியத் தரத்தின்படி அவை 50 பிபிஎம் இருந்தால் 60 நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் கத்தும். அதற்குள் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பியவர் குன்னூரே வந்துவிடுவார்.

திறந்த வெளியில் ஆன் செய்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, தலை சாயும் உயரத்தில் கட்டுங்கள். இந்த வாயு ஏறக்குறைய காற்றின் எடைதான், தரையில் தேங்காது, மூக்கு இருக்கும் இடத்தில் அளப்பதுதான் சரி. கண்ணாடி மூடி, வெளிக்காற்று வரும்படி பிளோயரை வைத்து ஒரு ஏற்றம் போங்கள். பிறகு உள்காற்றே சுழலும்படி மாற்றி இன்னொரு ஏற்றம். எண்ணைப் பார்க்கத் தனியாக ஒருவர் கூட இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இந்தச் சோதனைக்கு ஏற்றாதீர்கள். முன்னால் போகிற பஸ்ஸின் புகையில் எண் ஒரு கணம் ஏறி இறங்குவது சாதாரணம். யாரும் முன்னால் இல்லாத ரோட்டிலும் 10 பிபிஎம்முக்கு மேல் நின்றால் நான் வண்டியைப் பிரிப்பேன். 30 தொட்டால் சோதனையை அங்கேயே நிறுத்திக் கண்ணாடிகளை இறக்குங்கள். வெளிக்காற்றில் எண் ஏறினால் கசிவு பானெட்டுக்குள். முன்கண்ணாடியின் அடியில் வெளிக்காற்றை இழுக்கும் துவாரம்தான் அதை இழுக்கிறது. உள்காற்றில் மட்டும் ஏறினால் தரையையும் டிக்கியையும் தேடுங்கள்.

பழுது பார்க்கும்போது

பழைய பேக்கிங்கைத் திரும்பப் போட விடாதீர்கள். மேனிஃபோல்டு முகம் நேராக இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த முகத்தில் புதுப் பேக்கிங்கும் நிற்காது. நட்டு மாட்டும் துருப்பிடித்த திருகுக் கம்பியை, அதாவது ஸ்டட்டை, அவசரப்பட்டுத் திருகினால் ஒடியும், முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அரித்துப்போன சைலன்சரில் தகடு வைத்து வெல்டிங் அடிப்பது ஒரு மழைக்குத்தான் தாங்கும். பசை பூசுவது அதுவும் இல்லை. அந்தத் துண்டையே மாற்றிவிடுங்கள்.

வண்டி நல்ல நிலையில் இருந்தாலும்

மண்சரிந்து ரோடு அடைத்து வரிசையில் நிற்கும்போது என்ஜினை நிறுத்திவிடுங்கள். பின்பக்கத்தை மண்மேட்டில் ஒட்டி நிறுத்தினால் சைலன்சர் புகை மேட்டில் முட்டித் திரும்பி வண்டிக்கடியில் பரவும். சீசனில் அறை கிடைக்காத டிரைவர்கள் வண்டியிலேயே படுக்கிறார்கள். அவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள், ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்தால் போதும் என்பது பொய். கரி அடுப்பை உள்ளே வைப்பது அதைவிட மோசம். கம்பளி இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டூர் ஏற்பாடு செய்தவரிடம் படுக்க இடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

யாராவது மயங்கினால் முதலில் என்ஜினை நிறுத்தி, ஆளை வெளியே தூக்கி நல்ல காற்றில் வையுங்கள். 108-ஐ அழையுங்கள். அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டி 98 காட்டுகிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஒட்டிய ரத்தமாகத்தான் கணக்கெடுக்கும். டாக்டரிடம் "மயக்கம், வாந்தி" என்று மட்டும் சொல்லாமல், "காருக்குள் புகை வந்ததோ என்று சந்தேகம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்தத்தில் அதற்கெனத் தனிப் பரிசோதனை உண்டு. வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். கர்ப்பிணியாக இருந்தால், அவர் தெளிவாகப் பேசினாலும் கட்டாயம் காட்டுங்கள். வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் அது இன்னும் அதிகமாகச் சேரும், வெளியேறவும் இன்னும் நேரம் பிடிக்கும்.