காரில் நெடும்பயணம் முடித்து வீடு திரும்பும் நாள்

புறப்படுவதற்கு ஒரு மாதம் திட்டம் போடுகிறவர்கள்கூட, திரும்பி வருவதற்கு ஒரு மணி நேரம் யோசிப்பதில்லை. "வீட்டுக்குத்தானே" என்று கடைசி நாளில் 800 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட்டி நள்ளிரவில் வந்து சேர்கிறார்கள். கதவைத் திறந்தால் சாக்கடை வாடை, குழாயில் காற்று, குடிக்கத் தண்ணீர் இல்லை. இரண்டு வாரம் ஏங்கிய வீட்டின் மேல் முதல் பத்து நிமிடத்திலேயே எரிச்சல் வந்துவிடுகிறது. திரும்பும் நாளையும் பயணத்தில் ஒரு நாளாக வைத்துத் திட்டமிட்டால் இது நடக்காது.

கடைசி நாள் ஓட்டம் 300 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். மும்பை, புனே பக்கமிருந்து 48-ஆம் எண் நெடுஞ்சாலையில் சென்னைக்கு வருகிறவர்கள் கிருஷ்ணகிரியில் இரவு தங்கிவிடலாம். அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், வழியில் சாப்பிட்டும் மதியம் வீட்டில் இருக்கலாம். அதிகாலை 2 முதல் 5 வரை உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். பழகிய சாலை என்ற நினைப்பில் கவனமும் தளரும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் பிடிக்கவே வேண்டாம். பகலில் வந்து சேர்வதில் இன்னொரு வசதி, வீட்டில் ஏதாவது பழுது என்றால் பிளம்பரைக் கூப்பிடலாம்.

வீடு சேர்வதற்கு முந்தைய இரவே இரண்டு வேலை. பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து ஒரு லிட்டர் பாலும் ஒரு கரண்டி உறைமோரும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அழுக்குத் துணியைத் தனிப் பையில் கட்டுங்கள். ஈரத் துண்டை அதோடு சேர்க்காதீர்கள், கரும்புள்ளி விழும்.

கடைசி நூறு கிலோமீட்டரில் ஒவ்வொருவரும் வீட்டில் எதை அதிகம் தேடினார்கள் என்று கேளுங்கள். ஒருவர் ரசம் என்பார், ஒருவர் தன் தலையணை என்பார், பிள்ளைகள் கேட்பது வேறாக இருக்கும். அன்று மாலை அந்த நாலைந்தை மட்டும் செய்தால் போதும். பெட்டிகளை மறுநாள் பிரிக்கலாம். ஊர் சுற்றி வந்த மனசுக்கு வீட்டின் அருமை இந்த மாலையில்தான் பிடிபடும். அதை வேலைகளால் நிரப்பிவிடக் கூடாது.

கதவைத் திறந்ததும் சுவிட்சில் கை வைக்காதீர்கள். முதலில் மூக்கு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, பூட்டிய வீட்டில் தரையோடு தேங்கி நிற்கும். வாடை தெரிந்தால் ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்கு அழையுங்கள்.

சாக்கடை வாடை வேறு கதை. பாத்ரூம் சல்லடைக்குக் கீழே ஒரு வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிற மூடி. இரண்டு வாரம் புழங்காவிட்டால் அது வற்றிவிடலாம். கரப்பான்பூச்சி ஏறி வருவதும் அந்த வழியில்தான். ஒவ்வொரு சல்லடையிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றினால் வாடை அடங்கிவிடும். ஃபினாயிலை மட்டும் ஊற்றினால் மறுநாளே திரும்பும். அடுத்த முறை கிளம்பும்போது ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயை அதில் விட்டுச் செல்லுங்கள், தண்ணீர் ஆவியாவது குறையும்.

குழாய்களை ஐந்து நிமிடம் திறந்துவிட்டுத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். ஃபில்டரில் வரும் முதல் சில லிட்டரைக் குடிக்க வேண்டாம். ஃப்ரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி மூன்றையும் பாருங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை வர ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், தேய்த்துத்தான் கழுவ வேண்டும்.

நாம் இல்லாதபோது கரண்ட் போனதா என்று தெரிய ஒரு வழி உண்டு. கிளம்பும் முன் ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவிட்டு மேலே ஒரு நாணயம் வையுங்கள். திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. ஃப்ரீசரில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள்.

வண்டியை மறுநாள் காலையில் பாருங்கள். டயர் காற்றைச் சூட்டில் அளக்கக் கூடாது. ஓடி வந்த டயர் கூடுதல் அழுத்தம் காட்டும், அதை நம்பி இறக்கினால் ஆறியபின் குறைந்துவிடும். குறைந்தது மூன்று மணி நேரம் நின்றபின் அளந்து, முழு லோடுக்கு ஏற்றிய காற்றை டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் சாதாரண அளவுக்கு இறக்குங்கள். டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ அலைன்மென்ட் பார்க்க வேண்டும். முன்பக்கம் காய்ந்து ஒட்டிய பூச்சிகளைச் சுரண்டாதீர்கள், பெயின்ட் கீறும். நனைத்த பழைய துண்டைப் பத்து நிமிடம் போர்த்திவிட்டு வழித்தால் கழன்று வரும். ஃபாஸ்டேக் கணக்கையும் அன்றே பாருங்கள், ஒரே டோலில் இருமுறை பணம் பிடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-இல் புகார் செய்யலாம்.

வீடு சேர்ந்த அன்று முதல் வேளைச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, ரசம் வைத்தால் போதும். நெல்லிக்காய் அளவு புளியை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து, உப்பு, மஞ்சள்தூள் போட்டுப் பச்சை வாடை போகக் கொதிக்கவிடுங்கள். மிளகு, சீரகம் தலா ஒரு டீஸ்பூன், துவரம்பருப்பு அரை டீஸ்பூன், காய்ந்த மிளகாய் ஒன்று, இவற்றைப் பொடித்துப் போட்டு, நுரை கூடி விளிம்புக்கு வந்ததும் அணையுங்கள். அதற்குமேல் தளதளவென்று கொதித்தால் மணம் போய்விடும். நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி மூடி வையுங்கள், ஐந்து நிமிடத்தில் வீடு முழுக்க மணக்கும்.

உறைமோர் கிடைக்கவில்லையா? வெதுவெதுப்பான ஒரு டம்ளர் பாலில் ஆறேழு மிளகாய்க் காம்பு போட்டு இரவு முழுக்க மூடி வையுங்கள். முதல் தயிர் இளகலாகத்தான் இருக்கும், கொஞ்சம் காரமும் ஏறும். அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலில் விட்டால் கெட்டியாக உறையும்.