பழைய சஃபாரிக்குப் பெரிய டயர்: எதையும் வெட்டாமல், உயர்த்தாமல் எவ்வளவு போகலாம்?

டாடா சஃபாரி டைகோர் வைத்திருப்பவர்களும் பழைய ஸ்கார்பியோ எம்ஹாக் வைத்திருப்பவர்களும் டயர் மாற்றும் காலம் வந்ததும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியதாகப் போடலாமா? போடலாம், ஒரே ஒரு படி. இரண்டு வண்டிகளுக்கும் தொழிற்சாலை கொடுத்த அளவு 235/70 ஆர் 16. அதற்கு அடுத்த படி 245/70 ஆர் 16. சஸ்பென்ஷனைத் தொடாத, மட்கார்டை வெட்டாத வண்டிக்கு அதுவே எல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன், அந்த ஒரு படியையும் எப்படிச் சரிபார்த்துப் போடுவது என்பதை எழுதுகிறேன்.

என் வண்டி 2.2 லிட்டர் சஃபாரி. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. வாரநாட்களில் தோப்பு, பொள்ளாச்சிச் சந்தை. அவ்வப்போது ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வால்பாறை. தோப்புக்குள் காய்ந்த மட்டையின் கூர்முனைகளும், வாய்க்கால் ஓரத்தில் பெயர்ந்து கிடக்கும் கற்களும் டயரின் பக்கச்சுவரைத்தான் முதலில் பதம் பார்க்கும். எனவே எனக்கு உயரத்தைவிடப் பக்கச்சுவரின் உறுதி முக்கியம். உங்கள் வண்டி எங்கே ஓடுகிறது என்பதை முதலில் உண்மையாக எழுதிப் பாருங்கள். ஓட்டத்தில் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலை என்றால், பழைய அளவிலேயே நல்ல நெடுஞ்சாலை டயர் வாங்குங்கள். இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது.

அளவைப் படிக்கும் முறை எளிது. 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக 235-இல் 70 விழுக்காடு 164.5 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு பங்கு 329; ரிம் 406.4, மொத்த விட்டம் 735 மி.மீ. இதே கணக்கில் 245/70 ஆர் 16 சுமார் 749 மி.மீ. வருகிறது. விட்டத்தில் 14 மி.மீ. கூடுகிறது, அதாவது 1.9 விழுக்காடு. 245/75 ஆர் 16 அளவையும் பலர் கேட்கிறார்கள். அது 774 மி.மீ., 5.2 விழுக்காடு கூடுதல். 265/70 ஆர் 16 என்றால் 777 மி.மீ., 5.7 விழுக்காடு.

இந்தக் கூடுதல் விட்டத்தில் பாதிதான் வண்டியின் வயிற்றைத் தூக்கும். மீதிப் பாதி அச்சுக்கு மேலே போய் மட்கார்டின் இடத்தைத் தின்றுவிடும். 245/70 தருவது 7 மி.மீ. உயரம், 265/70 தருவது 21 மி.மீ. தரையிலிருந்து ஒரு கல்லைத் தாண்ட இந்த 21 மி.மீ. உதவும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக அகலத்தில் 30 மி.மீ. சேர்கிறது. திருப்பும்போது உரசுவது பெரும்பாலும் இந்த அகலத்தால்தான்.

கடைக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்ததே. “அக்கா, 265 போடுங்கள், வண்டி கம்பீரமாக இருக்கும்” என்றார் ஒரு கடைக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை; நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அது கம்பீரம்தான். ஓடும்போது நடப்பது வேறு. டயரின் விட்டம் 5.7 விழுக்காடு கூடினால் எல்லாக் கியர்களும் அதே அளவுக்கு நீண்டுவிட்டதாகப் பொருள். டைகோர் எஞ்சினில் இழுவிசைக்குப் பஞ்சமில்லை; ஆனால் டர்போ சூடுபிடிக்கும் முன், ஏற்றத்து வளைவில் நின்று கிளம்பும் அந்த நொடியில் அந்த விசை முழுதாகக் கைகொடுக்காது. அப்போது கிளட்சை அரைகுறையாக விட்டுத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். வயதான வண்டியின் கிளட்ச் தகட்டுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பிரேக்கும் அப்படியே: சக்கரம் பெரிதாகவும் கனமாகவும் ஆக, அதே பிரேக் அதை நிறுத்த அதிகம் உழைக்க வேண்டும். வால்பாறையிலிருந்து இறங்கும்போது இது காலுக்குத் தெரியும்.

ஸ்பீடோமீட்டரும் மாறும். முன்பு சரியாகக் காட்டிய கருவி 245/70-இல் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 102-இல் போகும். 265/70-இல் கிட்டத்தட்ட 106. பொதுவாக இந்தக் கருவிகள் உள்ளதைவிடச் சற்று அதிகமாகவே காட்டும்படி செய்யப்படுவதால், இரண்டு விழுக்காடு மாற்றம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். ஆறு விழுக்காடு அடங்கும் என்று நம்ப முடியாது. ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாகும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுபவர்கள் இதைச் சேர்த்துக்கொள்ளாமல் மைலேஜ் விழுந்துவிட்டது என்று கவலைப்படுகிறார்கள்.

இனி ரிம். ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரை அகலமுள்ள ரிம் என்று ஒரு வரம்பு உண்டு. 245/70 ஆர் 16-க்கு அது 6.5 முதல் 8 அங்குலம். 265/70 ஆர் 16-க்கு 7 முதல் 9. உங்கள் ரிம்மின் அகலம் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பின்புறம் துடைத்துப் பாருங்கள். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் பக்கச்சுவர் பிதுங்கி, தரையில் படும் பகுதி நடுவில் புடைத்து, வளைவில் வண்டி அலையும். கடையில் ஏறிவிட்டது என்பதாலேயே அது பொருந்திவிட்டது என்று ஆகாது.

டயர் வாங்கும் முன் வண்டியைப் பார்க்க வேண்டும். பதினைந்து ஆண்டு ஓடிய சஃபாரியில் முன்பக்கம் தாழ்ந்திருப்பது சாதாரணம். முன் சஸ்பென்ஷனில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார், அதாவது முறுகிச் சுமை தாங்கும் எஃகுத் தண்டு, இருக்கிறது. காலப்போக்கில் அது தளரும். சமதளத்தில் நிறுத்தி நான்கு மட்கார்டு விளிம்புகளிலிருந்தும் சக்கரத்தின் நடுப்புள்ளி வரை அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் வேறுபட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தொழிற்சாலை சொன்ன உயரத்துக்குக் கொண்டுவருவது பராமரிப்பு. பெரிய டயருக்கு இடம் வேண்டும் என்று டார்ஷன் பாரின் உயரத்தைச் சரிசெய்யும் போல்ட்டை இன்னும் முறுக்கி முன்பக்கத்தைத் தூக்குவது வேறு விஷயம்; பால் ஜாயின்ட்டுகள் அவற்றின் இயல்பான கோணத்தை மீறி நிற்கும், சவாரி கடினமாகும். அதைச் செய்யாதீர்கள். வீல் பேரிங், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ஆட்டம் மூன்றையும் ஜாக்கியில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். கனமான டயர் இவற்றிலுள்ள தேய்மானத்தை மறைக்காது, பெரிதாக்கும்.

இடத்தை அளப்பதுதான் மொத்த வேலையிலும் பொறுமை கேட்பது. வெறும் வண்டியில் அளக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சாமானையும் ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதும் திருப்பி, டயருக்கும் பம்பரின் பின்விளிம்புக்கும், மட்கார்டின் உள்ளுறைக்கும், உட்பக்கம் சட்டத்துக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கும், சஸ்பென்ஷனின் மேல் கைக்கும் உள்ள இடைவெளிகளைக் குறியுங்கள். வலப்பக்கமும் அதே. பிறகு ஒரு முன்சக்கரத்தை உறுதியான திண்டில் ஏற்றி அந்தப் பக்க சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கும்போது இவற்றை மறுபடி பாருங்கள். சமதளத்தில் தாராளமாகத் தெரிந்த இடைவெளி இப்போது விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். கை நுழைக்கும் முன் கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். இது பேச்சுக்குச் சொல்வதில்லை.

அதன்பின் ஐந்து டயரையும் ஒன்றாக வாங்க வேண்டாம். ஒரே ஒரு புது டயரை வாங்கி ஸ்டெப்னியின் ரிம்மில் ஏற்றுங்கள். அதை முன் இடப்பக்கம் மாட்டி, டயரின் இரு தோள்களிலும் சுண்ணாம்புக்கட்டியால் தடித்த கோடு போட்டு, கடையின் முற்றத்திலேயே முழுத் திருப்பலில் முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுங்கள். பின்னால் போகும்போது மட்டும் உரசும் வண்டிகள் உண்டு, அதனால் ரிவர்ஸை விட்டுவிடாதீர்கள். திண்டிலும் ஏற்றிப் பாருங்கள். கோடு அழிந்த இடம் உரசிய இடம். பிளாஸ்டிக் உறையில் லேசாகப் பட்டால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு ஏற்றதல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்ற பேச்சை ஏற்காதீர்கள். உரசாவிட்டால் மீதி நான்கையும் வாங்கலாம். உரசினால் ஒரு டயரோடு நட்டம் நின்றுவிடும். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 105 என்றால் ஒரு டயர் 925 கிலோ தாங்கும், 106 என்றால் 950, 111 என்றால் 1,090. எழுத்து டயர் தாங்கும் உச்ச வேகம்: எஸ் (S) என்றால் மணிக்கு 180 கி.மீ., டி (T) 190, எச் (H) 210. பழைய டயரில் இருப்பதைவிட எண்ணோ எழுத்தோ குறையக் கூடாது. எல்.டி. என்று தொடங்கும் அளவுகள் இலகு லாரி வகை. அதே சுமைக்கு அதிகக் காற்று கேட்கும், வெறும் வண்டியில் குதிக்கும். என் தோப்பு வேலைக்கே அது தேவைப்படவில்லை. நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து டயர்களின் எண்களும் அருகருகே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, எல்லாத் தரைக்குமான ஏ.டி. வகை போதும். உண்மையில் பெரும்பாலோர் பெரிய டயரில் தேடும் பலன் இந்த வகையைப் பழைய அளவில் போட்டாலே கிடைத்துவிடும். சேற்று வகை எம்.டி. டயரை மழைக்காலத்து மலைச்சாலைக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. ஈரத் தாரில் அதன் பிடிப்பு குறைவு, இரைச்சலும் அதிகம்.

ஸ்டெப்னியை மறக்கக் கூடாது. சஃபாரி டைகோரில் அது பின்கதவில் தொங்குகிறது. கனம் கூடினால் கீல்கள் தொய்யும். கதவைத் திறந்து கையால் தூக்கிப் பாருங்கள், ஆடினால் முதலில் கீலைக் கவனியுங்கள். ஸ்கார்பியோவில் வண்டிக்கு அடியில் தொங்குவதால் பெரிய டயர் அந்த இடத்தில் அடங்குகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் ஐந்தும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருப்பது கட்டாயம். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், அது மாட்டியிருக்கும் வரை நான்கு சக்கர இயக்கத்தைப் போடாமல் மெதுவாக ஓட்டிப் பஞ்சர் கடையை அடையுங்கள்.

மாட்டிய அன்றே வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்துவிடுங்கள். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவிலிருந்து தொடங்கி, ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் தேய்மானத்தைப் பாருங்கள். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு. சக்கர நட்டுகளை முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் சாவி) மறுபடி சரிபாருங்கள்.