பாதி வீட்டில் மட்டும் கரண்ட் இல்லையா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

ஹோலில் பேன் சுற்றுகிறது. குசினியில் லைட் இல்லை, பிரிட்ஜின் சத்தத்தையும் காணோம். முழு வீடும் இருண்டால் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவோம். பாதி வீடு போனால்தான் கை துருதுருக்கும். ஒரு அறையில் வெளிச்சம் இருக்கிற தைரியத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, பிரேக்கர்கள் இருக்கிற டிபி பெட்டியின் மூடியைக் கழற்றத் தொடங்கிவிடுவோம்.

அதற்கு முன் தெருவுக்குப் போங்கள். "பக்கத்து வீட்டில் எரிகிறதே, அப்படியென்றால் பிழை நம் வீட்டில்தான்" என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. தெரு லைனில் மூன்று பேஸும் (கரண்ட் கொண்டுவருகிற வயர்) ஒரு நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) ஓடுகின்றன. சிங்கிள் பேஸ் வீடுகளை அந்த மூன்றில் ஏதோ ஒன்றில் மாற்றி மாற்றிக் கொடுத்திருப்பார்கள். ஒரு பேஸ் மட்டும் போனால் உங்கள் வீடு இருட்டாகவும் பக்கத்து வீடு வெளிச்சமாகவும் இருக்கும், நாலாவது வீடு மறுபடி இருட்டாக இருக்கலாம். த்ரீ பேஸ் எடுத்த வீட்டில் இதே கதை வீட்டுக்குள்ளேயே நடக்கும். எங்கள் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஏசி போட்டு அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே நாலைந்து வீடு தள்ளி விசாரியுங்கள். லைன் பிழை என்று தெரிந்தால் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு எடுத்து, பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தைக் கொடுங்கள். வெறுமனே "கரண்ட் இல்லை" என்று சொல்லாமல் "ஒரு பேஸ் இல்லை" என்று சொல்லுங்கள்.

பிழை வீட்டுக்குள் என்றால் டிபியில் உள்ள பிரேக்கர்களையும் (லோட் கூடினால் விழுவது) ட்ரிப் சுவிட்சையும் (கரண்ட் கசிந்தால் விழுவது) பாருங்கள். கண்ணால் பார்த்து எல்லாம் மேலேதான் இருக்கின்றன என்று விட்டுவிடாதீர்கள். சில பிரேக்கர்கள் விழும்போது நடுவில் வந்து நின்றுவிடும். அதை அப்படியே மேலே தள்ளினால் பிடிக்காது. முழுதாகக் கீழே இழுத்துவிட்டுத்தான் மேலே தூக்க வேண்டும். தூக்கியதும் மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். பிடிக்கும்வரை அடித்து அடித்துப் பார்ப்பது, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நினைப்பது போலத்தான்.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மாடி வீடுகளில் மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி ட்ரிப் சுவிட்ச் இருந்தால், கசிவு உள்ள பாதி மட்டும் விழும். அப்போது பிளக் பொயிண்ட் சுவிட்சுகளை ஓப் செய்துவிட்டு "எல்லாம் ஓப்தானே" என்பார்கள். அந்தச் சுவிட்ச் பெரும்பாலும் பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் (நிலத்துக்குப் போகிற வயர்) இடையில் கசிவு இருந்தால், 30 மில்லிஅம்பியருக்கே விழுகிற ட்ரிப் சுவிட்ச் அப்படியேதான் விழுந்துகொண்டிருக்கும். பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு ட்ரிப் சுவிட்சைத் தூக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். திருகோணமலையில் என்னுடைய முதல் சந்தேகம் கிணற்று மோட்டர் மேல், அடுத்தது கேட் லைட். உப்புக் காற்றும் மாரி மழையும் சேர்ந்தால் வெளியே இருக்கிற எந்தப் பொருளும் தப்பாது.

இனி என் கதை. உவர்மலையில் அக்கா வீடு, பழைய வயரிங், வட்ட முனைப் பிளக் பொயிண்டுகள். மார்கழி மழை இரவு ஒன்றில் குசினிப் பொயிண்டுகள் மட்டும் வேலை செய்யவில்லை. டெஸ்டரை வைத்தேன், அதன் லைட் எரிந்தது. "கரண்ட் இருக்கு அக்கா, பிரிட்ஜ்தான் பழுது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். மறுநாள் வந்த வயரிங்காரர் டெஸ்டரை வலது துளையில் வைத்தார், எரிந்தது. இடது துளையில் வைத்தார், அதிலும் எரிந்தது. "ரெண்டுலயும் எரிஞ்சா சந்தோசப்படாதீங்க தம்பி" என்றார். டிபியைத் திறந்தால், குசினிக்குப் போகிற நியூட்ரல் வயர் பச்சை பூத்து, திருகாணியை விட்டு விலகியிருந்தது. பக்கத்துப் பொயிண்டில் ரைஸ் குக்கர் ஓன் செய்தபடியே கிடந்ததால், அதன் வழியாக வந்த பேஸ்தான் நியூட்ரலில் நின்றிருக்கிறது. டெஸ்டர் பேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், கரண்ட் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று சொல்லாது. நியூட்ரல்தானே என்று அந்த வயரைத் தொட்டிருந்தால் 230 வோல்ட்டும் என் மேல் பாய்ந்திருக்கும்.

நியூட்ரல் அறுவது வீட்டுக்குள் அல்லாமல் மீற்றர் பக்கத்திலோ தெருவிலோ என்றால் விஷயம் இன்னும் மோசம். த்ரீ பேஸ் வீட்டில் ஒரு அறையில் பல்ப் மங்கி, இன்னொரு அறையில் வழமையைவிடப் பளிச்சென்று எரிந்தால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். வோல்டேஜ் 400 வரை ஏற இடமுண்டு. டிவி, ரவுட்டர், சார்ஜர் எல்லாம் வரிசையாகப் போகும். மெயின் சுவிட்சை ஓப் செய்துவிட்டு அப்புறம் போனை எடுங்கள். மீற்றர் சீலில் கை வைக்க வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை.

வாசனையையும் விட்டுவிடக் கூடாது. சூடேறி உருகுகிற பிளக், சுவிட்ச் பிளாஸ்டிக் சில நேரம் மீன் நாற்றம் அடிக்கும். எங்கள் ஊரில் மீன் மணத்துக்கு யார் மூக்கைச் சுளிப்பார்கள்? மீன் சமைக்காத நாளில் குசினியில் மீன் மணந்தால், ஒவ்வொரு பிளக் பொயிண்டுக்கும் பக்கத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள்.

10 அம்பியர் பிரேக்கர் விழுகிறது என்று 20 போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லைட்டுக்கு இழுத்த மெல்லிய 1/1.13 வயர் அதைத் தாங்காது. பிரேக்கர் விழாது, சுவருக்குள் வயர் எரியும்.

கடைசியாக, இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயர். கரண்ட் உள்ள பொயிண்டில் ஒரு முனையையும் இல்லாத பொயிண்டில் மறு முனையையும் செருகி "லைன் கொடுக்கிற" கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு முனை கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியில் உயிர்க் கரண்ட். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஜெனரேட்டரை இப்படிக் கொடுத்தால், கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய் கம்பத்தில் ஏறி நிற்கிற ஆளையும் கொல்லும். பிரிட்ஜுக்கு அவசரம் என்றால் நல்ல 13 அம்பியர் எக்ஸ்டென்ஷன் ஒன்றை, சுருளை முழுதாக விரித்து, ஹோலில் இருந்து இழுங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும்.

அக்காவுக்கு அன்று அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிரிட்ஜ் பழுது என்று நான் சொன்னதை நம்பி, இருந்த பாரை மீன் முழுவதையும் இரவோடிரவாகக் குழம்பு வைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தார். மறுநாள் ஹோலில் செருகியதும் பிரிட்ஜ் ஓடியது. மீன்தான் இல்லை.